வெளியே மட்டும் தாழ்ப்பாள் வைத்த பிக்கப்

நேற்று உங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு பிக்கப்பைத் தூக்கி நிறுத்தி, கூரைமேல் கூடாரம், பக்கத்தில் அடுப்புப் பெட்டி, முன்னால் இழுவைக் கம்பி என்று ஆளாளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். குடும்பத்தோடு காட்டுக்குப் போகிறவருடைய வண்டி என்றீர்கள். நானும் அப்படி ஒரு வண்டி செய்திருக்கிறேன் என்றதும் உங்களில் ஒருத்தி, "அந்தக் காலத்துலயே கேம்பிங்கா தாத்தா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அந்த வண்டியைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். ஸ்பிரிங் பட்டை எத்தனை, எந்த அளவு ஆணி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். எனக்கு இருபத்தேழு வயது. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு சீனருடைய பட்டறையில் வேலை. அவரை எல்லோரும் தௌக்கே, முதலாளி, என்றே கூப்பிடுவோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. மரவேலையும் இரும்புவேலையும் அவருக்கு ஒன்றுதான். வாயைத் திறப்பது மட்டும் குறைவு.

அந்த வருஷத்துச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது! கொடி, பாட்டு, ஊர்வலம் எல்லாம் இருந்தன. அவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் ஒரு பிடி சோற்றைத் தோட்டத்து வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வாசலில் சோதித்துப் பிடுங்கிவிடுவார்கள். மலாக்காப் பக்கம் அந்தக் கெடுபிடி கொஞ்சம் முன்னாலேயே தளர்ந்துவிட்டது என்றாலும், ஜனங்களுக்குப் பயம் போகவில்லை. இப்போது நாடே நம்முடையது என்ற பிறகுதான், சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரம் போய் ஓர் இரவு தங்கி வரலாமே என்று சிலருக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றிய முதல் ஆள் வேலாயுதம் அண்ணன். சர்வே ஆபீசில் வேலை. அளவுச் சங்கிலியோடு காடு காடாக நடந்தவர். மனைவி மனோன்மணி அக்கா. மூன்று பெண்கள்: பன்னிரண்டு வயது சரோஜா, ஒன்பது வயது வசந்தா, ஐந்து வயது லீலா. எங்கள் பட்டறைக்கு இரண்டு சந்து தள்ளி வீடு.

ஒருநாள் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"தம்பி, அசகான்ல ஒரு அருவி இருக்கு. லேடாங் மலையிலேர்ந்து விழுது. பத்து வருஷமா பிள்ளைங்களுக்கு அந்தக் கதையைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். இனிமே கதை போதும், காட்டணும். எல்லாரும் போய்ப் படுத்து எந்திரிச்சு வர்ற மாதிரி ஒரு வண்டி பாத்துக் குடுங்க."

அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதுவரை நான் செய்ததெல்லாம் காய்கறி லோரி, ஐஸ் லோரி. இது அப்படியா! ஒரு குடும்பம், ஒரு மலை, ஒரு ஆறு!

வண்டி தேடினோம். பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட வாகனங்கள் நிறுத்தியிருந்த மைதானத்தில் ஒன்றைப் பார்த்தேன். நாலு சக்கரமும் இழுக்கும். என் நெஞ்சு உயரத்துக்கு டயர். முடுக்கினால் நிலமே அதிரும். அதுதான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். இன்னொன்று, தாய்நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு தோட்டத்துத் துரை விற்க வைத்திருந்த பிக்கப். அதுவும் நாலு சக்கர இழுவைதான். ஆனால் பட்டாளத்து வண்டியின் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பிள்ளை மாதிரி இருக்கும்.

வேலாயுதம் அண்ணனும் பட்டாளத்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு பேரும் என்ஜினைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்போம். மனோன்மணி அக்கா கையில் ஒரு கயிற்றுச் சுருளோடு பொறுமையாக நின்றார். நாங்கள் பேசி ஓய்ந்ததும் கயிற்றை எடுத்து வண்டியின் அகலத்துக்குப் பிடித்தார். ஒரு முடிச்சு ஏற்கெனவே போட்டிருந்தது. வண்டி அந்த முடிச்சைத் தாண்டி ஒரு முழம் நின்றது.

"என்னக்கா அது?"

"எங்க வீட்டுச் சந்தோட அகலம். காலையிலேயே அளந்துட்டேன். இந்தக் காடியை வாங்கினா சந்துக்கு வெளிய பெரிய சடக்குல விட்டுட்டு, பானை சட்டியெல்லாம் தலையில தூக்கிட்டு வரணும். அதோட லீலாவை யார் தூக்கி மேல ஏத்துறது? டயரே அவளைவிட ஒசரமா இருக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். துரையின் பிக்கப்பைத்தான் வாங்கினோம். இன்று யாராவது "எது நல்ல வண்டி?" என்று கேட்டால், "வீட்டு வாசல் எவ்வளவு அகலம்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பலருக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும்.

அடுத்த ஆறு வாரம் நான் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின்பக்கத் தட்டை அகற்றி, சட்டம் கட்டி, வளைவுக் கம்பிகள் நட்டு, மேலே தடித்த கான்வாஸ் போட்டேன். இரு பக்கமும் பெஞ்சுகள். நடுவே பலகை போட்டால் அதுவே படுக்கை. பெஞ்சுக்கு அடியில் அரிசிக்கு ஒரு பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு பெட்டி, கத்தி கரண்டிக்கு ஒரு தட்டு. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வேலாயுதம் அண்ணனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. "மேடு பள்ளத்துல பின்கதவு தொறந்து பிள்ளைங்க விழுந்துரக்கூடாது தம்பி."

விழாதபடி செய்தேன். பின்கதவின் இரண்டு பக்கமும் கனமான இரும்புத் தாழ்ப்பாள், வெளியே. எந்தக் குழந்தையின் கையும் எட்டாது. அதற்கு மேலே கான்வாஸ் திரையை இறக்கி, ஓரமெல்லாம் வளையம் அடித்து, கயிறு கோத்து வெளியே முடிச்சுப் போட்டேன். மழை ஒரு சொட்டு உள்ளே வராது. நான் செய்ததிலேயே அழகான வேலை அதுதான் என்று நினைத்தேன்.

தௌக்கே வந்தார். தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்தார், தள்ளினார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் ஒரு விடியற்காலை கிளம்பினோம். முதல் பயணம், நீங்களும் வாருங்கள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். அண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் அக்காவும் மூன்று பெண்களும். ஜாசின் தாண்டும்வரை பின்னாலிருந்து பாட்டு. இரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் தூறல் ஆரம்பித்தது. நான் இறங்கிப் போய்த் திரையை இறக்கி, முடிச்சுகளை இறுக்கிவிட்டு வந்தேன். செம்மண் பாதையில் வண்டி ஏறியது பாருங்கள், ஆட்டுக்குட்டி மாதிரி! சறுக்கலே இல்லை. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை.

அருவிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆறு குறுக்கே ஓடுகிறது. நான் முதலில் நடந்து பார்த்தேன். முழங்கால் அளவு. அடியில் கூழாங்கல், தண்ணீர் கண்ணாடி மாதிரி. போகலாம் என்று கை காட்டிவிட்டு வந்து ஏறிக்கொண்டேன்.

பாதி ஆற்றில் முன்சக்கரம் ஒன்று நான் பார்க்காத பள்ளத்தில் இறங்கியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. என்ஜின் இருமி நின்றது.

பெரிய விஷயமில்லை. எத்தனையோ தடவை ஈரம் துடைத்து முடுக்கியிருக்கிறேன். இறங்கி முன்மூடியைத் திறந்து துடைக்க ஆரம்பித்தேன். அண்ணன் மறுபக்கம் இறங்கி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காட்டில் திரிந்தவர் அல்லவா, அவர் கண் வண்டிமேல் இல்லை.

"தம்பி, தண்ணி கலங்குது."

"ஆயிருச்சுண்ணே. ரெண்டே நிமிஷம்."

"எலையும் குச்சியும் வருது தம்பி. மலையில பெரிய மழை. கெப்பாலா ஆயேர் வரப்போவுது."

மேலே எங்கோ பெய்த மழை, சுவர் மாதிரி ஒரே மூச்சில் இறங்கி வரும். அதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு நிமிஷம்ணே, ஸ்டார்ட் ஆயிரும். அப்புறம் எல்லாரையும் காடியோடவே கரைக்குக் கொண்டு போயிரலாம்."

அந்த இரண்டு நிமிஷத்தை நான் கேட்டிருக்கக் கூடாது. என் கண்ணில் அப்போது வண்டி மட்டும்தான் இருந்தது. ஆறு வாரம் என் கையால் செய்த வண்டி. அதை ஆற்றில் விட்டுவிட்டு ஆட்களை மட்டும் கரையேற்றுவது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இந்த வேலையில் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு நிமிஷம் வரும். கையில் கருவி இருக்கும், இதோ சரியாகிவிடும் என்று தோன்றும். அப்போது கருவியைக் கீழே போடத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் எனக்காகக் காத்திருக்கவில்லை. பின்பக்கம் ஓடினார். தொடைவரை தண்ணீர் ஏறியிருந்தது. தாழ்ப்பாளை இழுத்தார். அசையவில்லை. வண்டி சாய்ந்து நின்றதில் சட்டமே லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு தாழ்ப்பாளும் ஓட்டைக்குள் இறுகிவிட்டன. முடிச்சுகளை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்து ஊறிக் கல்லாகிவிட்டிருந்தன.

"தம்பீ! தொறக்க மாட்டேங்குது!"

அந்தக் குரல் கேட்டுத்தான் எனக்குப் புத்தி வந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓங்கி அடித்தேன். தாழ்ப்பாள் இன்னும் இறுகியது. உள்ளே வசந்தா அழுவது கேட்டது. மேலே, வளைவுக்கு அப்பால், லோரி வருவது மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் என் கான்வாஸிலிருந்து ஒரு கத்தி முனை வெளியே வந்தது.

பக்கவாட்டில், கூரை ஓரத்தில் குத்தி, நேராகக் கீழே பெஞ்சு வரைக்கும் ஒரே இழுப்பு. கிழிசல் விரிந்தது. மனோன்மணி அக்காவின் முகம் தெரிந்தது. கையில் மீன் வெட்டும் கத்தி. நான் செய்த தட்டிலிருந்து எடுத்தது. முகத்தில் பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதற்குள் லீலாவைத் தூக்கிக் கிழிசலுக்கு வெளியே நீட்டிவிட்டார்.

"சின்னவளைப் புடிங்க. புடிச்சிட்டேன்னு சொல்லுங்க, அப்பத்தான் விடுவேன்."

"புடிச்சிட்டேன்!"

லீலா என் தோளுக்கு வந்தாள். வசந்தாவை அண்ணன் வாங்கிக்கொண்டார். சரோஜா தானே குதித்து அப்பாவின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கடைசியாக இறங்கி என் சட்டையைப் பற்றினார். வந்த கரைக்கே திரும்பினோம். இருபது அடிதான் இருக்கும். அந்த இருபது அடியை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. லீலா என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மேட்டில் ஏறித் திரும்பினோம். வந்தது! காப்பி நிறத்தில், மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு. பிக்கப்பை ஒரு சுழற்று சுழற்றி, கீழே இருந்த பாறையில் கொண்டுபோய்ச் சாத்தியது. கிழிந்த பக்கம் வழியாகச் சோற்றுப் பானை வெளியே மிதந்து வந்தது.

"அம்மா, நம்ம சோறு!" என்று லீலா கத்தினாள்.

முதலில் சரோஜா சிரித்தாள். பிறகு அக்கா. பிறகு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, நனைந்து, நடுங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார்.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. தோட்டத்து டிராக்டர்காரர் வந்து வண்டியை இழுத்துக் கொடுத்தார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டில் காய்ந்த துணியும் சுடச்சுடக் காப்பியும் கிடைத்தன. நான் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த சனியனை வித்துருவோம்," என்றார் அண்ணன்.

"விக்கக் கூடாது," என்றார் அக்கா. "வித்துட்டா இதுங்களுக்கு ஆறுன்னாலே பயம்தான் மிஞ்சும். ரிப்பேர் பண்ணி, திரும்பவும் இதே எடத்துக்கு வரணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். நான் திட்டுக்குத் தயாரானேன். "தம்பி, கதவு உள்ளேர்ந்தும் தொறக்கணும். அதைச் செஞ்சு குடுங்க."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் தௌக்கேயிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். பிறகு சந்தையில் புழங்கும் பசார் மலாயில் சொன்னார்: "அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். நீ வேலை தெரிந்தவன், உனக்கே தெரியும் என்று பேசாமல் போனேன். பேசியிருக்க வேண்டும். உன் தப்பு பாதி, என் தப்பு பாதி."

அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் தொடர்ந்து அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. உங்களில் கொஞ்சம் மூத்தவர்கள் இருக்கிறீர்களே, இது உங்களுக்காகச் சொன்னது. பக்கத்து ஆளின் வேலையில் தப்பு தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

மறுபடி வேலை ஆரம்பமானது. இந்தத் தடவை மனோன்மணி அக்கா தினமும் சாயங்காலம் பட்டறைக்கு வந்தார், பெண்களோடு. வந்ததும் நேரே பின்பக்கம் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணை மூடியபடியே கதவைத் திறக்க வேண்டும். இதுதான் பரீட்சை.

முதல் கைப்பிடி லீலாவுக்கு எட்டவில்லை. இரண்டாவது எட்டியது, ஆனால் காலால் உதைத்தாலே திறந்துகொண்டது. "இதுல லீலா விழுந்துருவா மாமா," என்றாள் சரோஜா. மூன்றாவதில் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும்படி செய்தேன். அது லீலாவின் கைக்குக் கனமாக இருந்தது. நாலாவது, ஐந்தாவது. தௌக்கே தன் வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே உட்கார்ந்துவிட்டார். சட்டம் முறுக்கினாலும் இறுகாதபடி ஓட்டையை அகலமாக்கியது அவர் யோசனை. திரைக்குக் கயிறு போய், இரண்டு பக்கத்திலிருந்தும் கழற்றும்படி மரக்கட்டைப் பொத்தான்கள் வந்தன. அக்கா கேட்டபடி, முன்னால் இருப்பவர்களோடு பேச ஒரு சின்ன ஜன்னலும் வெட்டினேன்.

ஆறாவது கைப்பிடி. வண்டியின் ஒரு சக்கரத்தை மட்டும் மரக்கட்டைமேல் ஏற்றி, ஆற்றில் நின்ற மாதிரியே சாய்த்து வைத்தோம். லீலா உள்ளே. கதவைச் சாத்தினேன். ஒரு முனகல் கேட்டது. டக்கென்று கதவு விழுந்தது; லீலா தலையை நீட்டி, "நான் தொறந்துட்டேன்!" என்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ வண்டி செய்து கொடுத்திருக்கிறேன், அந்தக் கைதட்டலுக்கு ஈடாக ஒன்றும் கிடைத்ததில்லை.

சித்திரை மாதத்து விடுமுறையில் மறுபடி அசகானுக்குப் போனோம். ஆற்றங்கரையில் வண்டி நின்றது. அண்ணன் மேலே நடந்துபோய், தண்ணீரையும் வானத்தையும் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார். பெண்கள் மூவரும் அப்பா ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே அக்கரை சேர்ந்தார்கள். வசந்தா முதலில் தயங்கினாள். லீலா, "வாக்கா, நான் இருக்கேன்லா," என்று கையை நீட்டவும் இறங்கிவிட்டாள்.

நான் ஓட்டுவதற்காக முன்னால் ஏறப்போனேன்.

"நீங்க பின்னால உக்காருங்க தம்பி," என்றார் அக்கா. இடைப்பட்ட மாதங்களில் அவர் ஓட்டக் கற்றிருந்தார். "நான் ஓட்டறேன்."

ஏறினேன். கதவைச் சாத்திக்கொண்டேன். எத்தனை மாதம் அந்த வண்டியோடு இருந்திருப்பேன்! ஓடும்போது ஒருநாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பாதை தெரியாது, தண்ணீர் தெரியாது. பலகைக்கு அடியில் ஆறு ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். வண்டி இறங்கியதும் என் கை தானாகவே கைப்பிடிக்குப் போனது. இவர்கள் நாலு பேரும் அன்றைக்கு இந்த இருட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் முன்சக்கரம் மேட்டில் ஏறிவிட்டது. சின்ன ஜன்னல் வழியாக அக்கா கத்தினார்: "தம்பி, ஏறியாச்சு!"

கதவைத் தள்ளித் திறந்துகொண்டு குதித்தேன். மரங்களுக்கு நடுவே வெள்ளையாக அருவி. வேலாயுதம் அண்ணன் பத்து வருஷமாகச் சொன்ன கதையெல்லாம் குறைவு. பெண்கள் அதற்குள் தண்ணீரில் இருந்தார்கள், கத்தல் மலைவரை கேட்டிருக்கும். நான் வழக்கம்போல முன்மூடியைத் திறந்து, நனைந்த இடத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"இன்னும் அதையே என்னத்தைப் பாக்குறீங்க!" என்று தண்ணீருக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. வாங்கலா!"

துணியை வீசினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஓடிப்போய், போட்டிருந்த சட்டை காற்சட்டையோடு, அத்தனை குளிர்ந்த தண்ணீரில் தொப்பென்று குதித்தேன்.